கீரை மசியல்: நிறம் மங்காமல், பதம் தப்பாமல்

கீரையைக் கெடுப்பது பெரும்பாலும் அதிகமாக ஊற்றிய தண்ணீர்தான். அடுத்தது அவசரப்பட்டுப் போட்ட உப்பு. சட்டி நிறையக் கீரையைப் பார்த்ததும் அதற்குத் தக்கபடி எல்லாவற்றையும் போடத் தோன்றும். நாலு நிமிடத்தில் கீரை வதங்கி அடியில் உட்கார்ந்துவிடும். ஊற்றிய தண்ணீரும் போட்ட உப்பும் அப்படியே நிற்கும். அப்புறம் தண்ணீரை வற்றவைக்கக் கூடுதலாகக் கொதிக்கவிடுவோம், நிறம் போகும், மணம் போகும். கீரைக்குத் தண்ணீர் கொஞ்சம், நேரம் கொஞ்சம், மூடி கூடாது, உப்பு கடைசியில். இந்த நாலும் கைக்கு வந்துவிட்டால் எந்தக் கீரையையும் சமைத்துவிடலாம்.

இங்கே சொல்லும் அளவும் நேரமும் அரைக்கீரைக்கு. சிறுகீரை, முளைக்கீரைக்கும் இதே முறைதான். வேகும் நேரம் ஓரிரு நிமிடம் முன்பின்னாக இருக்கும். வேறு கீரைகளுக்கு எதை மாற்றவேண்டும் என்பது பின்னால் வருகிறது.

வாங்கும்போது

தண்டை ஒடித்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்துக்கொண்டு வந்தால் முற்றல். அதை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நார் மசியாது. நுனியில் பூவெடுத்த கீரையும் அப்படித்தான். இலையில் ஓட்டை இருப்பது குற்றமில்லை. ஆனால் இலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக முட்டை ஒட்டியிருந்தாலோ, இலைக்குள்ளே வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு ஓடியிருந்தாலோ அந்த இலைகளைக் கழித்துவிட வேண்டும்.

வாடாமலிருக்கக் கடைகளில் கீரைக் கட்டின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே பளிச்சென்று இருக்கும். உள்ளே, கட்டு இறுகிய இடத்தில், காற்றுப் போகாமல் அழுகத் தொடங்கியிருக்கும். கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று பட்டால் அந்தக் கட்டு வேண்டாம். நல்ல கட்டாக இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டை அவிழ்த்து உதறிப் பரப்புவது.

அரைக்கீரையை வேரோடு பிடுங்குவதில்லை. நுனியை அறுத்துக் கட்டுவார்கள்; அடி மறுபடி தழைக்கும். முளைக்கீரையும் சிறுகீரையும் வேரோடு வரும். அதனால் அவற்றில் மண் கூடுதல், அலசவும் ஒரு தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

ஆய்வதும் அலசுவதும்

மஞ்சள் இலை, கறுத்த இலை, கூடவே வந்த புல் பூண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு தண்டு முழுவதையும் குப்பையில் போடுவது வீண். விரலால் சுலபமாக ஒடிகிற வரைக்கும் தண்டு இளசுதான். அதையும் சேர்த்தால் மசியலுக்குக் கனமும் இனிப்பும் வரும். தண்டுக்கீரையாக இருந்தால் தடித்த தண்டை நார் உரித்து, இரண்டங்குலத் துண்டாக நறுக்கிச் சாம்பாருக்கோ கூட்டுக்கோ வைத்துக்கொள்ளலாம்.

அலசுவதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. வடிதட்டில் கீரையைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டால் மண் போகாது. அகலமான பாத்திரத்தில் கீரை தாராளமாக மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் எடுத்து, கையால் நன்றாக அலசி, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். மண் அடியில் இறங்கும். பிறகு கீரையைக் கையால் அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடிக்கக் கூடாது. கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் முழுவதும் திரும்பக் கீரைமேலேயே கொட்டும். கீரையை எடுத்த பிறகு பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நெருநெருவென்று இல்லாமல் வரும்வரை தண்ணீர் மாற்றுங்கள். அரைக்கீரைக்குப் பெரும்பாலும் மூன்று தண்ணீர் போதும். மழைக்காலத்தில் ஐந்துகூட ஆகலாம்.

பூச்சி இருக்குமோ என்று தோன்றினால், கடைசிக்கு முந்தின தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பூச்சிகள் பிடிவிட்டு வந்துவிடும். அதற்குப் பிறகு வெறும் தண்ணீரில் ஒருமுறை கண்டிப்பாக அலச வேண்டும். தெளித்த மருந்தெல்லாம் உப்புத் தண்ணீரில் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

நறுக்குவது அலசிய பிறகுதான். நறுக்கிவிட்டு அலசினால், தண்ணீரில் கரையும் சத்துகள், முக்கியமாக வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும், வெட்டுவாய் வழியே தண்ணீரோடு போய்விடும். மசியலுக்கு ஓர் அங்குல நறுக்கு போதும். பொடியாக நறுக்குவது பொரியலுக்கு.

மூன்று, நான்கு பேருக்கு அளவு

ஆய்ந்து அலசிய அரைக்கீரை – 250 கிராம் (நறுக்கி, அமுக்காமல் அளந்தால் 6 முதல் 8 கப்)
சின்ன வெங்காயம் – 8
பூண்டு – 5 பல்
பச்சை மிளகாய் – 2
சீரகம் – அரை தேக்கரண்டி
தண்ணீர் – கால் கப்
கல்லுப்பு – ஏறத்தாழ அரை தேக்கரண்டி

தாளிக்க: நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு அரை தேக்கரண்டி, உளுத்தம்பருப்பு 1 தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 1, பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை.

இவ்வளவு கீரையும் கடைந்த பிறகு ஒன்றேகால் கப் அளவுக்குத்தான் வரும். ஆளுக்கு இரண்டு கரண்டி வேண்டுமென்றால் கீரையைத்தான் கூட்ட வேண்டும், தண்ணீரை அல்ல.

வேகவைப்பது

மண்சட்டி நல்லது. இல்லையென்றால் அடி கனமான எவர்சில்வர் பாத்திரம். கால் கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உரித்த வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், சீரகம் ஆகியவற்றைப் போட்டு மூடி, மிதமான தீயில் நாலு நிமிடம் வையுங்கள். பூண்டு வேகக் கீரையைவிட அதிக நேரம் எடுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், கீரை வெந்திருக்கும்போது பூண்டு பச்சையாக இருக்கும். பூண்டு வேகட்டும் என்று விட்டால் கீரை குழைந்து கறுக்கும்.

இப்போது மூடியை எடுத்துவிடுங்கள். இனி அது வேண்டாம். கீரையை மொத்தமாக அமுக்காமல் மூன்று பங்காகப் போடுங்கள். ஒரு பங்கு போட்டுப் புரட்டிவிட்டால் ஒரு நிமிடத்தில் வதங்கி இடம் கொடுக்கும். அதன்மேல் அடுத்த பங்கு. இலைமேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கீரை விடும் தண்ணீரும் சேர்ந்தால் வேகப் போதும். அடியில் முழுவதும் வற்றிப்போனால் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். கடைசிப் பங்கு போட்டதிலிருந்து ஆறு முதல் எட்டு நிமிடம். பதம் பார்க்க இலையை எடுக்காதீர்கள், தண்டை எடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். நசுங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

மூடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. கீரை வேகும்போது அதன் இலைக்குள் இருக்கும் அமிலங்கள் வெளியே வரும். திறந்திருந்தால் ஆவியாகக்கூடியவை ஆவியோடு போய்விடும். மூடியிருந்தால் மூடியில் முட்டி நீராகி மறுபடி சட்டியிலேயே சொட்டும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அந்த அமிலம் வெளியே தள்ளிவிடும். அதோடு பளிச்சென்ற பச்சை போய்ப் பழுப்பேறிய மங்கல் பச்சை வரும். நேரம் நீள நீள இந்த மாற்றமும் கூடும். புளி, தக்காளி, எலுமிச்சை எல்லாவற்றையும் கீரை வெந்த பிறகே சேர்க்கச் சொல்வதும் இதனால்தான்.

குக்கரில் வைத்தால் நிறம் மங்குவதும் இதே காரணத்தால். வேறு வழியில்லையென்றால் ஒரே விசில். உடனே குக்கரை இறக்கி, கரண்டியால் விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றித் திறந்துவிட வேண்டும். தானாக அடங்கட்டும் என்று விட்டால் அந்தப் பத்து நிமிடமும் கீரை உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும்.

நிறத்துக்காக ஆப்பச்சோடா போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நிறம் நிற்கும், உண்மைதான். ஆனால் இலை கூழாகிவிடும், வைட்டமின் சி-யும் தயமினும் அழியும், வாயில் சோப்பு போல ஒரு சுவை நிற்கும். மூடியைத் திறந்து வைத்தாலே கிடைக்கிற நிறத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கடைவது

சட்டியில் நீர் தங்கியிருந்தால் அதை ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிவிட வேண்டாம். நீரோடு கடைந்தால் மத்துக்குப் பிடி கிடைக்காது, இலை நழுவி நழுவி ஓடும். கெட்டியாக இருக்கும்போது கடைந்து, மசிந்த பிறகு அந்த நீரை வேண்டிய அளவு திரும்பச் சேர்ப்பதே முறை.

உப்பு போடும் நேரம் இதுதான். கீரை முழுவதும் சுருங்கி, எவ்வளவு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. கல்லுப்பாகப் போட்டால் அதன் சொரசொரப்பு இலை மசியவும் உதவும். கீரைக்கே கொஞ்சம் உப்புச்சுவை உண்டு. அதனால் முதலில் கால் தேக்கரண்டி போட்டுக் கடைந்து, சுவைத்துப் பார்த்து மீதியைச் சேருங்கள்.

கீரை சூடாக இருக்கும்போதே கடைய வேண்டும். ஆறினால் நார் விறைத்துக்கொள்ளும். முதலில் மத்தை நேராக வைத்துப் பூண்டையும் வெங்காயத்தையும் நசுக்குங்கள். பிறகு சட்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, சுவரோடு அழுத்திச் சுழற்றுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஆகும். கீரை ஒன்றுசேர்ந்து வரவேண்டும், ஆனால் அங்கங்கே இலை தெரியவேண்டும். பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் மசிக்கலாம்.

மிக்ஸியில் ஓட்டும்போது இலை முழுக்க அரைபட்டு, காற்றும் கலந்து, நுரைத்த பசையாகிவிடும். மசியலின் அழகே அதன் திப்பிதான். நேரமில்லாமல் மிக்ஸிதான் என்றால், கீரை நன்றாக ஆறியபின், நீரை வடித்துவிட்டு, ஒரு நொடி ஒரு நொடியாக இரண்டு முறை மட்டும் விட்டு எடுங்கள். சூடாகப் போட்டு மூடி ஓட்டவே கூடாது. உள்ளே ஆவி சேர்ந்து மூடியைத் தள்ளிக் கொதிக்கும் கீரை முகத்தில் தெறிக்கும்.

தாளிப்பது

நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்து முடிந்ததும் உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமாகும்போது கிள்ளிய மிளகாய், அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காயம். உடனே கீரையில் கொட்டிக் கிளறி மூடுங்கள். இப்போது மூடலாம், கீரை கொதிக்கவில்லை, மணம் உள்ளே நிற்கும். கடுகு உளுந்துக்குப் பதில் தாளிப்பு வடகம் ஒரு தேக்கரண்டி போட்டால் மசியலுக்கு வேறொரு தரம் வரும். வடகம் சீக்கிரம் கருகும் என்பதால் தீ சிறியதாக இருக்கட்டும். கருகினால் மொத்தக் கீரையும் கசக்கும்.

எண்ணெயைத் துளியளவுக்குக் குறைத்துவிடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். கீரையிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். இரண்டு தேக்கரண்டி எண்ணெய் நாலு பேருக்குப் பிரிகிறது. அதைக் குறைக்க வேண்டாம்.

பருப்போடும் புளியோடும்

பருப்புச் சேர்ப்பதானால் இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, கீரை கடைந்து முடியும்போது சேர்த்து ஒரு கொதி விடுங்கள். பருப்பையும் கீரையையும் ஒன்றாக வைத்தால், பருப்பு வேகும் இருபது நிமிடமும் கீரை சேர்ந்து வேகும்.

புளி சேர்த்த கடைசல் கொங்குப் பக்கத்தில் வழக்கம். சிறு நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, கீரை வெந்தபின் ஊற்றி, பச்சை வாடை போக மூன்று நிமிடம் கொதிக்கவிட்டுப் பிறகு கடையுங்கள். நிறம் மங்கும். புளி சேர்த்தால் அது அப்படித்தான். சுவைக்காக நிறத்தை விடலாம்.

யாழ்ப்பாணத்துக் கடையலில் கெட்டித் தேங்காய்ப்பால் சேரும். மேற்சொன்ன அளவுக்குக் கால் கப் பால், கடைந்த பிறகு ஊற்றிச் சிறு தீயில் ஓரம் நுரைத்து வரும்போது இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரியும். இறக்கிச் சூடு தணிந்ததும் எலுமிச்சைச் சாறு சில துளிகள்.

மற்ற கீரைகளுக்கு

பாலக்கின் இலை மெல்லியது, நீர் நிறைய விடும். தண்ணீர் ஊற்றவே வேண்டாம்; மூன்று, நாலு நிமிடம் போதும். கொடிப்பசலைக்கு வழவழப்பு இயல்பு. அதைத் தனியாகக் கடைந்தால் கொழகொழவென்று இருக்கும்; பருப்போடு கூட்டாக வைப்பதே சரி.

முருங்கைக்கீரை மசியாது, பொரியல்தான். கொத்தைத் துணியில் சுற்றி இரவு வைத்துவிட்டுக் காலையில் உதறினால் இலை பெரும்பாலும் தானே உதிரும்; மீதி ஈர்க்குகளைப் பொறுக்கிவிடலாம். தாளித்து, வெங்காயம் வதக்கி, கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, கால் கப் தண்ணீர் தெளித்து, மூடாமல் எட்டு முதல் பத்து நிமிடம். ஈரமாக இருக்கும்போது அடிக்கடி கிளறினால் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கரண்டிக் காம்பால் கோதிவிடுவதுபோல் கிளறுங்கள். கடைசியில் மலர வேகவைத்த பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்த்துருவல் மூன்று மேசைக்கரண்டி.

அகத்திக்கீரை கசக்கும். துவாதசியன்று அகத்தியும் நெல்லிக்காயும் சமைக்கும் வீடுகளில் அதை அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் வேகவைப்பார்கள். இலையை உருவி மிகப் பொடியாக நறுக்க வேண்டும். வேகப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். தேங்காய்த்துருவலோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால் கசப்பு அடங்கும். மணத்தக்காளிக்குக் கசப்பு இவ்வளவு இல்லை. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போதும்.

புளிச்சகீரை தன்னிலேயே புளிப்பு. எப்படிச் சமைத்தாலும் பழுப்பாகத்தான் வரும், அதைத் தடுக்க முடியாது. அலுமினியத்திலும் இரும்பிலும் வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரித்துக் கீரையில் வாடை ஏறும்.

பாலக்கிலும் அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை இனத்திலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குச் சமைத்தால் இந்தக் குறைந்த தண்ணீர் முறை வேண்டாம். நிறையக் கொதிநீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துக் கொட்டினால் கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி போகும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் கேட்க வேண்டும். கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதால் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும் மருந்தின் வேலையை மாற்றும்.

தவறிவிட்டால்

நீர்த்துப்போன மசியலை வெகுநேரம் வற்றவைக்காதீர்கள். பச்சரிசி மாவு ஒரு தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டால் சேர்ந்துவிடும். உப்பு கூடிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. உப்பில்லாமல் வெந்த பருப்பைச் சேர்த்து மசியுங்கள். பச்சை வாடை அடித்தால் பெரும்பாலும் கீரை அல்ல, பூண்டுதான் வேகவில்லை. மசிந்ததை மிதமான தீயில் மூன்று நிமிடம் திறந்தபடி கிளறுங்கள். பல்லில் மண் கடிபட்டால் அதற்கு மாற்றே இல்லை. அந்தச் சட்டியைக் கழிக்கத்தான் வேண்டும்.

பரிமாறுவதும் வைத்திருப்பதும்

சூடான சோறு, மேலே கொஞ்சம் நல்லெண்ணெய், பக்கத்தில் வத்தக்குழம்பு. கீரையின் இரும்புச்சத்து உடலில் ஏறப் புளிப்பு உதவும்; எலுமிச்சை சேர்த்த ரசமோ, ஒரு நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீயும் காப்பியும் குடித்தால் அதே இரும்புச்சத்து ஏறுவது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள்.

வாங்கிய அன்றே சமைக்க முடியாவிட்டால், ஆய்ந்து, அலசாமல், உலர்ந்த பருத்தித் துணியில் தளரச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாங்கும். அலசி வைத்தால் ஈரத்தில் மறுநாளே அழுகத் தொடங்கும்.

சமைத்த கீரையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மீதமாகும் என்று தெரிந்தால் தேங்காய் சேர்ப்பதற்கு முன், தாளிப்பதற்கு முன் அந்தப் பங்கை எடுத்து, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் தேவையானதை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதிக்கச் சூடாக்கிப் புதிதாகத் தாளித்தால் போதும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கு மட்டும் மீந்த கீரையைக் கொடுக்காமல் அன்றன்று சமைத்ததையே கொடுங்கள்.